ஊர் கூடி வரையும் படம்

நம் விடுதிகளுக்குப் பின்னால், மேற்கு மதிலில் ஒரு வாசல் இருந்தது. இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வருமுன்பே செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். நிலப்படத்தைப் பற்றி எழுத வந்தவன் அடைத்த வாசலைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்ததே அந்தச் சுவரண்டைதான்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்பு, நள்ளிரவில் என் அறைத் தோழருக்கு வயிற்றுவலி கண்டது. மெஸ் சாப்பாட்டின் கைங்கரியம் என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தோம். வலி குறையவில்லை, வலப்பக்கம் இறங்கிற்று. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நாங்கள் நால்வர் அவரைத் தாங்கிக்கொண்டு தலைவாசலில் போய் நின்றோம். வண்டியோட்டி கைப்பேசியில் கூப்பிட்டார். "கேட்டுக்கு எதிரில்தான் நிற்கிறேன், நீங்கள் எங்கே?" என்றார் இந்தியில். "நாங்களும் கேட்டில்தான் நிற்கிறோம், பாயி சாகப், நீங்கள் எங்கே?" என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில். இப்படியே மூன்று முறை. பிறகுதான் விளங்கிற்று. அவர் கையிலிருந்த படம் அவரை மேற்கு வாசலுக்கு அழைத்துப் போயிருந்தது. படத்தில் வாசல் திறந்திருந்தது. கண்ணெதிரே சுவர் நின்றது. அவர் சுற்றிக்கொண்டு வர 25 நிமிஷம் ஆயிற்று. குடல்வால் வீங்கியிருந்ததாம். விடியற்காலையில் அறுவை செய்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். தோழர் இப்போது நலமாக இருக்கிறார். இந்தக் கட்டுரையில் தம் வயிறு இடம்பெறுவதற்கு அவர் சம்மதமும் தந்திருக்கிறார்.

அந்தப் படத்தை வெளியிடும் கம்பெனிக்கு எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது; அவ்வளவு விரைவில் மனிதன் எழுதியிருக்க முடியாது. மாதங்கள் சென்றன. வாசல் படத்தில் திறந்தே இருந்தது. இதை எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்யும் கேரளத்து நண்பர் ஒருவரிடம் சொல்லி அங்கலாய்த்தேன். அவர் சிரித்தார். "அது அவர்கள் சொத்து. நீ விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். நீயே திருத்தக்கூடிய படம் ஒன்று இருக்கிறதே, பார்த்ததில்லையா?" என்று தம் கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். அதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 'திறந்த தெருப்படம்' என்று பொருள் கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்திலும் நமது மேற்கு வாசல் திறந்துதான் இருந்தது! ஆனால் படத்துக்கு மேலே 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் வாசலை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தேன். அன்றிரவே உலகத்தார் எவர் பார்த்தாலும் அங்கே சுவர்தான் தெரிந்தது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் படம் தோன்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். அப்போது அவரும் நம்மைப்போல் ஒரு மாணவர்தான். அந்நாட்டு நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வே மிகத் துல்லியமான படங்களை வைத்திருந்தது. ஆனால் பொதுமக்கள் அவற்றை இஷ்டம்போல் எடுத்தாளக் கூடாது. விலையும் கட்டுப்பாடும் உண்டு. 'அப்படியானால் நாமே நடந்து வரைவோம்' என்று கிளம்பினார்கள். 2006 மே மாதத்தில் சில பத்துப் பேர் வைட் தீவில் கூடி, ஒரு வார இறுதியில் ஜி.பி.எஸ். கருவிகளோடு தீவின் சாலைகளெங்கும் அலைந்து படம் எடுத்தார்கள். அதே ஆண்டில் இதற்கென ஓர் அறநிலை ஸ்தாபனமும் ஏற்பட்டது. இன்று இதில் பெயர் பதிந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். உண்மையில் கைவைத்து வேலை செய்கிறவர்கள் அதில் சிறு பங்குதான். எந்தச் சங்கத்தில்தான் அப்படி இல்லை? நமது சங்கத்தின் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள்.

நிலத்தை அளப்பது என்றாலே அது சர்க்கார் காரியம் என்று நாம் பழகிவிட்டோம். அதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவின் நில அளவைத் துறை 1767-இல் தோன்றியது. துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணி 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் நமது பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளப்பதில் தொடங்கிற்று. அதை நடத்தியவர் வில்லியம் லாம்டன். அவருடைய தியோடலைட் என்னும் கோணமானி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கிப் போயிற்று. மனிதர் சோர்ந்துவிடவில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே செப்பனிட்டார். கோயிலுக்கு என்ன சேதம் என்று யாரும் எழுதி வைத்ததாக நான் படிக்கவில்லை! அந்த அரை டன் கருவி செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி செய்துவிடுகிறது. விண்ணிலுள்ள துணைக்கோள்களிலிருந்து வரும் சைகைகளை வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. சில மீட்டர் பிழை இருக்கும். உயரமான கட்டிடங்களுக்கிடையே பிழை கூடும். லாம்டன் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் தேநீர்க் கடை எந்தப் பக்கம் என்று சொல்வதற்கு இது போதும்.

இப்போது உள்ளே போவோம். நாம் திரையில் காணும் வண்ணப்படம் வெறும் மேற்பூச்சு. அதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் முதலாவதாக இருப்பவை புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உண்டு. இன்று அப்புள்ளிகள் 900 கோடிக்கு மேல். புள்ளிகளைக் கோலத்தில் இணைப்பதுபோல் இணைத்தால் கோடு. அது ஒரு தெருவாகலாம், ஓடையாகலாம். தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிந்தால் ஒரு கட்டிடமோ குளமோ ஆகலாம். இவற்றில் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது மூன்றாவது வகை: ஒரு பஸ் போகும் தடம், ஒரு மாவட்டத்தின் எல்லை, இவை போன்றவை. ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டுகிறார்கள். இன்ன வகை, இன்ன பெயர், குடிநீர் கிடைக்குமா, இரவில் விளக்கு உண்டா என்றெல்லாம். சீட்டுகளின் மொழி இங்கிலாந்தில் பிறந்தது. ஆகையால் ராஜபாட்டையும் ஹைவே, நம் விடுதிக்கும் நூலகத்துக்கும் இடையே செருப்புத் தேய்த்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையும் ஹைவே! பிறகு 'நடைபாதை' என்று இனம் பிரிப்பார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

கணக்குப் புத்தகம் கையில் இருந்தால் அதிலிருந்து எத்தனையோ விதமான படங்கள் எழுதலாம். பெர்லின் நகரத்தார் சிலர் 2010-இல் வீல்மேப் என்று ஒன்று செய்தார்கள். சக்கர நாற்காலியில் செல்வோர் எந்தக் கட்டிடத்துக்குள் தடையின்றி நுழையலாம் என்று மட்டும் அது காட்டும். லாபத்துக்குப் படம் போடும் கம்பெனிக்கு அப்படி ஒரு எண்ணம் உதிக்க எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ! 2012 முதல் நடப்பிலுள்ள உரிமம் இதற்கு வழி செய்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். விவரங்களைப் பெருக்கி வெளியிட்டால் அப்பெருக்கத்தையும் அதே நிபந்தனையில் மற்றவர்க்குத் தர வேண்டும்.

மற்றொரு நிபந்தனை மிகக் கண்டிப்பானது. வேறு படத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. தேர்வுக்கூடத்து நியதிதான். இதில் ஒரு பழைய கதை உண்டு. 1930-களில் அமெரிக்காவில் ஒரு படக் கம்பெனி, திருட்டைப் பிடிப்பதற்காக, நியூயார்க் மாநிலத்துப் படத்தில் ஆக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டு வைத்தது. பிற்பாடு போட்டிக் கம்பெனியின் படத்திலும் அந்த ஊர் தோன்றிற்று. திருடன் அகப்பட்டான் என்று நினைத்தார்கள். போய்ப் பார்த்தால், பழைய படத்தில் கண்ட பெயரை நம்பி யாரோ அந்த இடத்தில் 'ஆக்லோ' என்ற பெயரிலேயே ஒரு கடை வைத்திருந்தார்களாம்! படம் பொய் சொல்ல, நிலம் அதை மெய்யாக்கிவிட்டது.

ஆகவே நமக்கு ஆதாரம் இரண்டே. ஒன்று, நேரில் சென்று கண்டது. மற்றொன்று, வரைந்துகொள்ள அனுமதி பெற்ற வான்படங்கள். 2010 முதல் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் பிங் வான்படங்களை இப்பணிக்குப் பயன்படுத்த இசைவு தந்திருக்கிறது. அறையில் உட்கார்ந்தபடியே கட்டிடங்களின் விளிம்பை வரைந்துவிடலாம். ஆனால் வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பெயர்ப்பலகை தெரியாது. வேறு பலவும் தெரியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வாசலை அடைத்த உற்சாகத்தில், ரசாயனக் கூடத்துக்குக் கிழக்கே வான்படத்தில் நேராக ஒரு சாம்பல் நிறக் கோடு கண்டு, அதைச் சாலை என்று வரைந்து வைத்தேன். மறுவாரம் எனக்கு ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் இந்த நகரத்திலேயே வாழும் முதியவர், பள்ளியாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "மகனே, நீ போட்ட சாலையில் நான் காலை உலாவப் போனால் இடுப்பளவு சாக்கடையில் நிற்பேன். அது நாலா. தயவுசெய்து நேரில் போய்ப் பார்" என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன், மூக்கே முதலில் ஒப்புக்கொண்டது. யார், எந்த நாளில், எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் அழியாமல் இருப்பதால் என் பிழையும் அங்கே நிரந்தரமாக இருக்கிறது. பிறகு அந்தப் பெரியவரை மாஸ்டர்ஜி என்று அழைத்துப் பழகினேன். நமது வளாகத்துக்கு வெளியேயுள்ள பழைய பேட்டையின் சந்து பொந்தெல்லாம் படத்தில் ஏறியிருப்பது பெரும்பாலும் அவர் கால்களால்தான்.

அவரோடு எனக்கு ஒரு சண்டையும் வந்தது. ஸ்டேஷன் பக்கத்துச் சௌராஹாவுக்குப் பலகையில் புதிய பெயர். ரிக்‌ஷாக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். மக்கள் வாயில் இருப்பதுதான் பெயர் என்றேன் நான். பலகையில் உள்ளதைப் புறக்கணிக்க நீ யார் என்றார் அவர். கடைசியில் இரண்டையும் பதிந்தோம். அதற்கென்றே 'மாற்றுப் பெயர்', 'பழைய பெயர்' என்று தனித்தனிச் சீட்டுகள் உண்டு. தமிழிலும் இந்தியிலும் பிற மொழிகளிலும் பெயரை எழுதத் தனி இடம் உண்டு. நம்மவர் உடனே குதூகலித்து எல்லாவற்றையும் தமிழில் எழுதப் புறப்பட வேண்டாம். தமிழில் உண்மையாக வழங்கும் பெயருக்குத்தான் அந்த இடம். நாமாக உண்டாக்கிய பெயரைப் படத்தில் ஏற்றினால் நாமும் ஆக்லோக்காரர்தான்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் துஷ்டர்களும் திருத்துவார்களே? திருத்தத்தான் செய்கிறார்கள். 2017 டிசம்பரில் போகிமான் கோ என்ற விளையாட்டு இந்தப் படத்தைத் தன் அடித்தளமாக்கிக்கொண்டது. பூங்காக்களில் அபூர்வப் பிராணிகள் தோன்றும் என்ற நம்பிக்கையில், சில ஆட்டக்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றிப் பொய்ப் பூங்காக்களை வரைந்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தார்கள். பழைய நிலைக்குத் திருப்புவது எளிது. கண்டுபிடிக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும், அதுதான் சிரமம். தீராத வழக்குகளை விசாரிக்க ஒரு குழு இருக்கிறது. அது முதலில் கேட்கும் கேள்வி, 'நிலத்தில் என்ன இருக்கிறது?' என்பது. நாட்டு எல்லைகளின் விஷயத்தில் இந்தக் கேள்வி போதாது என்பது என் அபிப்பிராயம். எல்லை தெருவைப்போல் கண்ணுக்குத் தெரிவதன்று. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் உண்டு, நம் நாட்டுக்கும் உண்டு. புதியவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பது நலம்.

இதெல்லாம் யாருக்காக என்று கேட்பவர்களுக்கு நைரோபி நகரத்துக் கிபேராவைச் சொல்வேன். பெருங்கூட்டம் நெருக்கி வாழும் குடிசைப் பகுதி அது. ஆனால் பொதுமக்கள் காணக்கூடிய படங்களில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. 2009 நவம்பரில் அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் கருவி ஏந்திச் சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், மருந்தகம், பள்ளிக்கூடம், இருட்டு மூலை எல்லாம் படத்தில் ஏறின. தண்ணீர் வேண்டுமென்று கேட்கப் போகிறவன் கையில் படம் இருந்தால், 'அப்படி ஒரு தெருவே இல்லையே' என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 2010 ஜனவரி 12-இல் ஹைட்டி நாட்டில் பூகம்பம் வந்தபோது, தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு நல்ல தெருப்படம் கிடையாது. உலகின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் புதிய வான்படங்களைப் பார்த்துச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் படையினர் அதைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2015 ஏப்ரலில் நேபாளத்திலும் அதுவே நடந்தது. அங்கே காத்மாண்டு இளைஞர்கள் முன்னதாகவே தங்கள் ஊரை வரைந்து வைத்திருந்தது பேருதவியாயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தை நானே பார்த்தேன். அப்போது ஏழாம் வகுப்பு. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எந்தத் தெருவில் நீர் நிற்கிறது என்று மக்களே தொட்டுக் காட்டினால் அந்தத் தெரு நிறம் மாறும்படி, இதே படத்தின்மீது தொண்டர்கள் ஒரு வெள்ளப்படம் செய்திருந்தார்கள் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். எங்கள் தெருவையும் யாராவது தொட்டிருப்பார்களா என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

நம் நாட்டில் இத்தொண்டுக்கு ஒரு கண்டம் வந்து நீங்கியது. 2016 மே மாதத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஒரு மசோதா வரைவில், அனுமதியின்றி நில விவரங்களைச் சேகரிப்பதோ வெளியிடுவதோ குற்றம் என்றும், அபராதம் 100 கோடி ரூபாய் வரை போகலாம் என்றும் இருந்தது. கைப்பம்பு இருக்குமிடத்தைக் குறித்த மாஸ்டர்ஜி 100 கோடிக்கு எங்கே போவார்? எதிர்ப்பு வலுத்தது, மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிமுறைகள், இந்தியர்கள் முன்னனுமதி இன்றியே நில விவரங்களைச் சேகரிக்கலாம், வெளியிடலாம் என்று கதவைத் திறந்தன. பாதுகாப்பு சம்பந்தமான சில விலக்குகள் உண்டு, அவை நியாயமே.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வும் இணைய வசதியும் உள்ளவன்தான் தொண்டனாக முடிகிறது. ஆகவே ஜெர்மனியில் தெருவோர மரம்கூடப் படத்தில் இருக்கும். நம் மாவட்டங்களில் ஊரே இருக்காது. பெண்கள் குறைவு, அதனால் ஆண்கள் கவனிக்காத இடங்கள் விடுபடுகின்றன. ஆப்பிள், அமேசான், மெட்டா போன்ற பெரிய கம்பெனிகள் இந்தப் படத்தை எடுத்தாளுவதோடு, கூலிக்கு ஆள் வைத்து வரையவும் செய்கின்றன. அவர்கள் வரைவதும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது என்பது மெய்தான். எனினும் கம்பெனிக்கு வண்டி போகும் சாலை வேண்டும்; கைப்பம்பு வேண்டியதில்லை. அதை நாம்தான் போட வேண்டும்.

நம் சங்கத்தார் எட்டுப் பேர் சென்ற குளிர்காலத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வளாகத்தைச் சுற்றினோம். தங்கையர் மூவர் நடந்த வழியில்தான், நூலகத்துக்கும் மகளிர் விடுதிக்கும் இடையே எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்ற கணக்குக் கிடைத்தது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். எரியாத 11 விளக்குகளின் படத்தைக் காகிதத்தில் எடுத்துப் போய் அதிகாரியிடம் கொடுத்தார்கள். 7 எரிகின்றன. யார் எந்த அறையில் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் எவர் எந்த வழியில் போகிறார்கள் என்பன போன்றவற்றைப் படத்தில் போடுவதில்லை. படம் இடத்துக்கு, ஆளுக்கன்று. இதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். போன வாரம் மேற்கு மதிலில் அந்தப் பழைய இடத்திலேயே சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபடியும் வாசல் வைக்கப் போகிறார்களாம். மேஸ்திரியைக் கேட்டேன், கதவு வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார். அதற்குள் என் தேர்வு முடிந்து நான் ஊருக்குப் போய்விடுவேன். கதவு திறக்கும் நாளில் யாராவது ஒருவர், வண்டி நுழையுமா, இரவில் பூட்டுவார்களா, பூட்டினால் எத்தனை மணிக்கு என்று காவலாளியிடம் கேட்டு, நான் வைத்த சுவரைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.